பேரை மாத்துனா ஃபைல் மாறாது: பிஎஸ்2-ல பேக்கப் கேம் ஓடலன்னா எங்க பாக்கணும்

"மாமா, லிஸ்ட்ல பேரு வருது மாமா, எக்ஸ் அமுக்குனா ஸ்க்ரீன் கருப்பா நின்னுடுது, பத்து நிமிஷமா அப்படியே நிக்குது"ன்னு முத்தியால்பேட்டைலேருந்து அக்கா பையன் போன் பண்ணான். என்னடா பண்ணேன்னு கேட்டா, நான் குடுத்த ஹார்ட் டிஸ்க்ல இருந்த பிஎஸ்2 (ப்ளேஸ்டேஷன் 2) கேமோட சிஎச்டி ஃபைலை, அதாவது சுருக்கி வெச்ச காப்பிய எடுத்து, பேரோட கடைசில இருந்த சிஎச்டி-ங்கறத அழிச்சிட்டு ஐஎஸ்ஓன்னு (சுருக்காத டிஸ்க் காப்பிக்கு வைக்கற பேரு) அடிச்சு பென்டிரைவ்ல போட்டிருக்கான். அவன் மேல தப்பு சொல்ல மாட்டேன், இத பண்ணாதவங்களே கிடையாது. ஆனா என்கிட்ட வர்ற கேள்வில முக்காவாசி சுத்தி சுத்தி இதே எடத்துல தான் வந்து நிக்குது, பேரை மாத்துனா ஃபைல் மாறாது, உள்ள இருக்கறது என்னவோ அதுதான் இருக்கும். அதனால எது எது எப்படி முறைக்கும், அப்ப எங்க பாக்கணும்னு ஒரே எடத்துல எழுதி வெச்சிடறேன்.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். நான் இதுல இறங்குனதே டிஸ்க்கு போயிடுச்சேங்கற வயித்தெரிச்சல்ல தான். எங்க வீடு கடலூர் முதுநகர். 2011 டிசம்பர் 30 தானே புயல் அடிச்சப்ப கூரை ஓடு பறந்து அலமாரி முழுக்க தண்ணி, அட்டை டப்பாலாம் ஊறிப் போய் டிஸ்க்கு மேல ஒட்டிக்கிச்சு. மிச்சம் இருந்ததுல பாதி 2015 நவம்பர் வெள்ளத்துல போச்சு. கடல் காத்து வேற, உப்பும் ஈரமும் சேர்ந்து டிஸ்க்கு மேல பூஞ்சை மாதிரி வெள்ளையா படியும், கடலோரமா வீடு இருக்கறவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. தேறுனதையாவது காப்பாத்தணும்னு ஒண்ணொண்ணா டம்ப், அதாவது டிஸ்க்குல இருக்கறத ஃபைலா காப்பி எடுக்க ஆரம்பிச்சேன். காசு குடுத்து வாங்குன டிஸ்க்கு கையில இருந்தா, அது கெட்டுப் போகாம இருக்க பேக்கப் எடுத்துக்கலாம்னு நம்ம 1957 காப்புரிமைச் சட்டத்துலயே 52-வது பிரிவுல இருக்கு. நான் சொல்றதெல்லாம் அந்த மாதிரி சொந்த டிஸ்க்குக்கு தான்.

இப்ப விஷயத்துக்கு வரேன். எடம் பத்தாதுன்னு நாம ஐஎஸ்ஓ-வ சுருக்கி வெக்கிறோம். சிஎச்டி-ங்கறது மேம் எமுலேட்டர்காரங்க பண்ண ஃபார்மட் (எமுலேட்டர்னா கேம் மிஷின் மாதிரி கம்ப்யூட்டர்ல நடிக்கற சாஃப்ட்வேர்), சிஸ்டத்துல இருக்கற எமுலேட்டர் அத நேரா படிச்சிடும். சிஎஸ்ஓ, பிஎஸ்பி-ங்கற சோனியோட கையடக்க கேம் மிஷின் காலத்துது. இசட்எஸ்ஓ-ங்கறது எல்இசட்4-ல சுருக்குறது, விரிக்கறதுக்கு ரொம்ப லேசு. இதுல நிஜமான பிஎஸ்2-ல ஓபிஎல் (ஓப்பன் பிஎஸ்2 லோடர், டிஸ்க்கு இல்லாம பென்டிரைவ்லேருந்து கேம் ஓட்டற சாஃப்ட்வேர்) வழியா என்ன ஓடும்னா ஐஎஸ்ஓ ஓடும், ஓபிஎல் 1.2.0-லேருந்து இசட்எஸ்ஓ ஓடும், அவ்ளோ தான். சிஎச்டி ஓடாது, சிஎஸ்ஓ ஓடாது, 7-ஜிப்பு ஜிப்பு ரார் எதுவும் ஓடாது. 2000-ல வந்த மிஷின் அது, மெமரியே 32 எம்பி தான், நம்ம லேப்டாப்பு பண்றத எல்லாம் அதுகிட்ட எதிர்பாக்கக் கூடாது.

லிஸ்ட்ல பேரு வருது, அமுக்குனா கருப்பு ஸ்க்ரீன்

அக்கா பையன் கேஸ் இதுதான், நிறைய பேருக்கும் இதுதான், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

மொதல்ல, லிஸ்ட்ல வந்துடுச்சே அப்ப ஃபைல் நல்லா தானே இருக்கும்னு நினைக்காதீங்க. ஃபைல் பேருக்கு முன்னாடி கேம் ஐடி இருந்தா, அதாவது எஸ்எல்இஎஸ் அண்டர்ஸ்கோர் போட்டு மூணு நம்பர், புள்ளி, ரெண்டு நம்பர், புள்ளி, அப்பறம் கேம் பேருன்னு இருந்தா, ஓபிஎல் அந்தப் பேரை நம்பி லிஸ்ட்ல போட்டுடும், உள்ள தொறந்து பாக்காது. ஐடி இல்லாம வெறும் கேம் பேரு மட்டும் இருந்தா தான் புது ஓபிஎல் ஃபைலை தொறந்து உள்ளேருந்து ஐடிய தேடும். அவன் பழைய முறைல ஐடி எல்லாம் அழகா போட்டு வெச்சிருந்தான், அதனால சிஎச்டி ஃபைலே ஐஎஸ்ஓன்னு வேஷம் போட்டு லிஸ்ட்ல வந்து உக்காந்துடுச்சு.

அப்ப உள்ள என்ன இருக்குன்னு எப்படி பாக்கறது. சிஸ்டத்துல 7-ஜிப் இருக்கும்ல, ஐஎஸ்ஓ மேல ரைட் கிளிக் பண்ணி ஓப்பன் ஆர்க்கைவ் குடுங்க. நல்ல ஐஎஸ்ஓன்னா உள்ள ஃபோல்டரும் ஃபைலும் தெரியும், அதுல சிஸ்டம் டாட் சிஎன்எஃப்-னு ஒரு குட்டி ஃபைல் இருக்கும், அத நோட்பேட்ல தொறங்க. மொத வரில பூட்2-ன்னு இருந்தா பிஎஸ்2 கேம், அதே வரிலயே கேம் ஐடியும் இருக்கும். வெறும் பூட்-னு இருந்தா அது பிஎஸ்1 கேம், அத ஓபிஎல் டிவிடி ஃபோல்டர்ல போட்டு எவ்ளோ அமுக்குனாலும் வராது. 7-ஜிப் தொறக்கவே மாட்டேங்குதுன்னா உள்ள இருக்கறது ஐஎஸ்ஓ இல்ல.

இன்னும் உறுதியா தெரியணும்னா ஃபைல் உள்ள இருக்கற பைட்ட அப்படியே காட்டற ஒரு ஹெக்ஸ் எடிட்டர்ல தொறந்து மொத சில எழுத்த பாருங்க, இது நான் தினமும் பண்றது. எந்தப் பேரு வெச்சாலும் ஃபைலோட தலையெழுத்து மாறாது. சிஎஸ்ஓ-ன்னா மொத நாலு எழுத்து சி ஐ எஸ் ஓ. இசட்எஸ்ஓ-ன்னா இசட் ஐ எஸ் ஓ. சிஎச்டி-ன்னா எம் சி ஓ எம் பி ஆர் எச் டி-ன்னு எட்டு எழுத்து வரிசையா நிக்கும். ஜிப்புன்னா பி கே. நிஜ ஐஎஸ்ஓ-ன்னா ஆரம்பத்துல சட்டுனு எதுவும் தெரியாது, 32769-வது பைட்டுக்கு போங்க, சிடி001-னு இருக்கும், அதுக்கு கொஞ்சம் தள்ளி ப்ளேஸ்டேஷன்னு இங்கிலீஷ்ல பெரிய எழுத்துல இருக்கும். அக்கா பையன வீடியோ கால்ல இத பண்ண சொன்னேன், மொத வரிலயே எம் சி ஓ எம்-னு ஆரம்பிச்சதும் அவனே "மாமா, இது இன்னும் சிஎச்டி தான்"ன்னு சொல்லிட்டான்.

சிஎச்டி-ய ஐஎஸ்ஓ ஆக்க சிஎச்டிமேன்-னு ஒரு டூல், மேம் கூடவே வரும், உபுண்டு லினக்ஸ்ல மேம்-டூல்ஸ்-னு பேக்கேஜ் இருக்கு. மொதல்ல அதுல இன்ஃபோ-ங்கற கமாண்ட குடுத்து பாருங்க. டிவிடி-ன்னு காட்டுனா எக்ஸ்ட்ராக்ட்டிவிடி, வெளில நேரா ஐஎஸ்ஓ வந்துடும். ட்ராக் 1-னு போட்டு மோடு எல்லாம் காட்டுனா அது சிடி முறைல பண்ணது, அதுக்கு எக்ஸ்ட்ராக்ட்சிடி. மாத்திக் குடுத்தா எரர் தான் வரும். எக்ஸ்ட்ராக்ட்டிவிடி-ங்கற கமாண்டே இல்லன்னு சொன்னா உங்ககிட்ட இருக்கறது பழைய சிஎச்டிமேன், புதுச எடுங்க. புதுசா பண்ண சிஎச்டி சிலதுல இசட்ஸ்டாண்டர்ட் கம்ப்ரஷன் இருக்கும், அதயும் பழைய டூல் தொறக்காது.

மாத்துனேன், ஐஎஸ்ஓ வரல, பின்னும் க்யூவும் வந்துச்சு

இங்க தான் பெரிய சிக்கல், இத புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது.

எக்ஸ்ட்ராக்ட்சிடி குடுத்தா டேட்டா இருக்கற ஒரு பின் ஃபைலும், அது எப்படி அடுக்கிருக்குன்னு சொல்ற ஒரு க்யூ ஃபைலும் வரும். இந்த பின் ரெண்டு ஜாதி. கேம் நிஜமாவே சிடில வந்ததா, இல்ல டிவிடி கேம யாரோ அந்தக் காலத்துல சிடி முறைல சிஎச்டி ஆக்குனாங்களாங்கறது தான் வித்தியாசம். டிஸ்க்கு கையில இருந்தா திருப்பிப் பாருங்க, பிஎஸ்2 சிடி கேமுக்கு அடிப்பக்கம் நீலமா இருக்கும், டிவிடின்னா வெள்ளி கலரு.

டிஸ்க்கு இல்லன்னா கால்குலேட்டர எடுங்க. பின் ஃபைல் மேல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டிஸ், அங்க சைஸ் பைட்டுல முழுசா இருக்கும், எம்பி கணக்கு வேணாம், பைட்டுல இருக்கற நீள நம்பரை எடுத்துக்கோங்க. அத 2352-ஆல வகுங்க. மீதி இல்லாம போச்சுன்னா அது சிடியோட முழு செக்டர் (டிஸ்க்குல டேட்டாவ பிரிச்சு எழுதற சின்னத் துண்டு), ரா-ம்பாங்க. 2048-ஆல வகுத்து மீதி இல்லாம போச்சுன்னா உள்ள ஏற்கெனவே ஐஎஸ்ஓ தான். சும்மா கணக்குக்கு, ஒரு சிடில 2,50,000 செக்டர் இருக்குன்னு வெச்சுக்கோங்க, ரா பின் 58,80,00,000 பைட்டு வரும், அதே கேம் ஐஎஸ்ஓவா 51,20,00,000 பைட்டு தான் வரும். 58,80,00,000-த்த 2048-ஆல வகுத்துப் பாருங்க, புள்ளி வெச்சு இழுக்கும், அப்ப அது ஐஎஸ்ஓ இல்லன்னு அர்த்தம். எப்பயாவது ரெண்டு நம்பருக்குமே மீதி இல்லாம போகும், அப்ப அந்த 32769-ல சிடி001 இருக்கான்னு பாத்து முடிவு பண்ணிக்கலாம்.

ஏன் இந்த வித்தியாசம்னா, சிடில ஒரு செக்டர்ங்கறது 2352 பைட்டு. பிஎஸ்2 சிடில அதுல 12 பைட்டு சிங்க், 4 ஹெட்டர், 8 சப்ஹெட்டர், அப்பறம் கேம் டேட்டா 2048, கடைசில தப்பு திருத்தறதுக்கு 280. ஐஎஸ்ஓ-ங்கறது அந்த நடுவுல இருக்கற 2048 மட்டும், வாழத்தண்டுக்கு மேல பட்டையெல்லாம் உரிச்ச மாதிரி. அப்ப ரா பின்ன ஐஎஸ்ஓன்னு பேரு மாத்திப் போட்டா கன்சோல் டேட்டா இருக்கும்னு போற எடத்துல சிங்க் பைட்டு இருக்கும், வேற எங்கயோ படிக்கும், கருப்பு ஸ்க்ரீன் தான். இதுக்கு பின் டு ஐஎஸ்ஓ கன்வர்ட்டர் வேணும், பின்சங்கர்-னு பழைய டூல் ஒண்ணு நல்லா பண்ணும்.

இதுலயும் ஒரு குழி இருக்கு. க்யூ ஃபைலை நோட்பேட்ல தொறந்தா மோடு2 சாய்கோடு 2352-ன்னு இருக்கும். சில கன்வர்ட்டர் க்யூவ பாக்காம மோடு1-னு நினைச்சுக்கும். மோடு1-ல டேட்டா 16-வது பைட்டுல ஆரம்பிக்கும், மோடு2-ல 24-ல. அந்த எட்டு பைட்டு நகர்ந்துட்டா ஃபைல் சைஸ் கச்சிதமா சரியா இருக்கும், 2048-ஆல அழகா வகுபடும், ஆனா 7-ஜிப்ல தொறக்காது, கன்சோல்ல வராது. நான் ஒரு கேமோட ரெண்டு நாள் மல்லுக்கட்டி கடைசில ஹெக்ஸ்ல பாத்தா சிடி001 சரியா எட்டு எழுத்து தள்ளி உக்காந்திருந்துச்சு. அதனால தான் சொல்றேன், சைஸ் சரியா இருக்குன்னு விட்டுடாதீங்க, 7-ஜிப்ல தொறந்து சிஸ்டம் டாட் சிஎன்எஃப்-ஐ கண்ணால பாத்தா தான் முடிஞ்ச மாதிரி.

ரெண்டாவது ஜாதி, 2048-ஆல வகுபட்டு 32769-ல சிடி001-ம் இருக்கற பின், அதுக்கு மட்டும் பேரை ஐஎஸ்ஓன்னு மாத்துனாலே போதும். இங்க மட்டும் பேரு மாத்தறது செல்லும், ஏன்னா உள்ள ஏற்கெனவே ஐஎஸ்ஓ தான் இருக்கு, பேரு தான் தப்பா இருந்துச்சு.

மாத்துன சிடி கேம ஓபிஎல்-ல சிடி-ங்கற ஃபோல்டர்ல போடுங்க, டிவிடி கேம டிவிடி ஃபோல்டர்ல. எந்த ஃபோல்டர்ல இருக்கோ அந்த வகை டிஸ்க்குன்னு தான் ஓபிஎல் கேம்கிட்ட சொல்லும், மாத்திப் போட்டா சில கேம் லோகோ வரைக்கும் வந்து நின்னுடும்.

பிஎஸ்1 கேம மட்டும் ஐஎஸ்ஓ ஆக்காதீங்க. அதுல வீடியோவும் பாட்டும் வேற மாதிரி செக்டர்ல இருக்கும், 2048 மட்டும் உரிச்சு எடுத்தா அது போயிடும், திரும்ப வராது. பின்னும் க்யூவுமாவே வெச்சுக்கோங்க.

பென்டிரைவ்ல காப்பியே ஆகல, ஃபைல் ரொம்ப பெருசுன்னு சொல்லுது

எடம் 20 ஜிபி காலியா இருக்கும், 4.3 ஜிபி ஃபைலுக்கு எடமில்லன்னு சொல்லும், பாக்கறவங்களுக்கு குழப்பமா தான் இருக்கும். பென்டிரைவ் ஃபேட்32-ங்கற ஃபார்மட்ல இருக்கு, அதுல ஒரு ஃபைல் 4,29,49,67,295 பைட்டுக்கு மேல போகக் கூடாது. சிஎச்டி-யா இருந்தப்ப 2.8 ஜிபி, அதனால எந்தப் பிரச்சினையும் இல்லாம போச்சு, விரிச்சதும் ஒரு லேயர் டிவிடியே 4.7 ஜிபி வரைக்கும் போகும். காட் ஆஃப் வார் 2 மாதிரி ரெண்டு லேயர் டிஸ்க்குன்னா அதுக்கும் மேல.

மூணு வழி இருக்கு. ஓபிஎல் 1.2.0 பீட்டா வரிசைன்னா எக்ஸ்ஃபேட்ல ஃபார்மட் பண்ணி முழு ஐஎஸ்ஓவ அப்படியே போடலாம், இப்ப நான் எல்லாருக்கும் இதத்தான் சொல்றேன். ரெண்டாவது, இசட்எஸ்ஓ ஆக்குங்க, பல கேம் 4 ஜிபிக்குள்ள வந்துடும், மேக்ஸ்சிஎஸ்ஓ-ங்கற டூல்ல ஃபார்மட் இசட்எஸ்ஓ-ன்னு குடுத்தா பண்ணிடும், ஆனா வீடியோ நெறைய இருக்கற கேம் சுருங்கவே சுருங்காது, ஏற்கெனவே சுருக்கி வெச்ச டேட்டா அது. மூணாவது பழைய முறை, யூஎஸ்பியூட்டில் வெச்சு 1 ஜிபி துண்டா வெட்டறது, யூஎல்-னு ஆரம்பிக்கற ஃபைலா வரும், கூடவே யூஎல் டாட் சிஎஃப்ஜி-னு ஒரு குட்டி ஃபைல். இந்த துண்டு ஃபைல் பேர்ல இருக்கற எழுத்தும் நம்பரும் சும்மா இல்ல, கேம் பேர்லேருந்து கணக்குப் போட்டு வர்றது, அதனால கையால பேரு மாத்துனா லிஸ்ட்ல பேரு இருக்கும், கேம் வராது. பேரு மாத்தணும்னா அந்த டூலுக்குள்ளயே மாத்துங்க. பேரும் 32 எழுத்துக்குள்ள தான்.

என்டிஎஃப்எஸ் வேணாம், ஓபிஎல் படிக்காது. விண்டோஸ்ல 64 ஜிபி பென்டிரைவ ரைட் கிளிக் பண்ணி ஃபார்மட் போனா ஃபேட்32-ங்கற ஆப்ஷன் வரலன்னு பயப்படாதீங்க, அந்தப் பொட்டி 32 ஜிபிக்கு மேல காட்டாது, ரூஃபஸ்-ங்கற டூல் வெச்சுப் பண்ணிக்கலாம். பார்ட்டிஷன் எம்பிஆர்-னு வெச்சா தொந்தரவு இல்ல.

விரிக்கும்போதே சிஆர்சி எரர், இல்ல பாதில நிக்குது

7-ஜிப்பு ரார் கேஸ் இது. சிஆர்சி எரர்னா உள்ள இருக்கற டேட்டா கெட்டிருக்குன்னு அர்த்தம். பல துண்டா இருந்தா எல்லாத் துண்டும் ஒரே ஃபோல்டர்ல இருக்கணும், மொத துண்ட மட்டும் தொறந்தா போதும், மிச்சத்த அதுவே எடுத்துக்கும். ஒரு துண்டு குறைஞ்சாலும் முடியாது. 7-ஜிப்ல டெஸ்ட்-னு ஒரு பட்டன் இருக்கு, விரிக்கறதுக்கு முன்னாடி அத அமுக்குங்க, ஃபைல் கெட்டுருந்தா அங்கயே சொல்லிடும். எடமும் பாருங்க, 3 ஜிபி ஆர்க்கைவ விரிச்சு 4.5 ஜிபி ஐஎஸ்ஓ எடுக்கணும்னா அந்த ரெண்டுக்கும் எடம் வேணும். சிஎச்டிமேன் தொறக்க முடியலன்னு சொன்னா ஃபைலை சி ட்ரைவ்ல நேரா ஒரு சின்ன பேரு ஃபோல்டர்ல வெச்சுப் பாருங்க, ஃபோல்டர் பேர்ல எடைவெளி இருந்தா கமாண்ட்ல மேற்கோள் குறி போடணும், போடலன்னா பேரை பாதில வெட்டிடும், நெறைய பேரு தடுக்கி விழற எடம் இது.

நேத்து ஓடுச்சு, இன்னைக்கு ஓடல. இல்ல ஒரே கேம் ஒரு பென்டிரைவ்ல ஓடுது இன்னொண்ணுல ஓடல

ரெண்டு காரணம்.

ஒண்ணு, துண்டு துண்டா எழுதிருக்கறது. பென்டிரைவ்ல கேம போட்டு அழிச்சு போட்டு அழிச்சு பண்ணா ஐஎஸ்ஓ தொடர்ச்சியா இல்லாம அங்கங்க சிதறி எழுதும். பழைய ஓபிஎல்-ல இது நேரா எரர் மெசேஜாவே வரும், புதுசுல ஓரளவு சமாளிக்கும், எப்பவும் இல்ல. நான் பண்றது, பென்டிரைவ்ல இருக்கறத சிஸ்டத்துக்கு எடுத்துட்டு, சுத்தமா ஃபார்மட் பண்ணி, ஒரு நேரத்துல ஒரே ஒரு கேம்னு காப்பி பண்றேன். நாலையும் சேத்து இழுத்து விட்டா வேகமா முடியும்னு தோணும், ஆனா காத்திருந்து ஒண்ணொண்ணா போட்டதுக்கப்பறம் எனக்கு இந்தப் பிரச்சினை வரல. காப்பி முடிஞ்சதும் சேஃப்லி ரிமூவ் குடுத்துட்டு தான் புடுங்கணும், மழைக்காலத்துல எங்க பக்கம் கரண்ட் எப்ப போகும்னு சொல்ல முடியாது, காப்பி நடுவுல போச்சுன்னா அந்த ஃபைலை நம்பவே நம்பாதீங்க, அழிச்சிட்டு திரும்பப் போடுங்க.

இன்னொண்ணு போலி பென்டிரைவ். இத நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். 512 ஜிபின்னு எழுதிருந்த ஒண்ண ஒரு கடையில கம்மி வெலைக்கு வாங்குனேன், காப்பி ஆச்சு, ஃபைல் பேரு இருக்கு, சைஸ் இருக்கு, எல்லாமே இருக்கு. மொத மூணு கேம் ஓடுச்சு, அடுத்தது எதுவும் ஓடல. கன்சோல் கெட்டுப் போச்சுன்னு நினைச்சு லென்ஸ் வரைக்கும் பிரிச்சுப் பாத்தேன், லென்ஸுக்கும் யூஎஸ்பிக்கும் சம்பந்தமே இல்லங்கறது அப்ப பதட்டத்துல தோணல. கடைசில எச்2டெஸ்ட்டபிள்யூ-ங்கற டெஸ்ட் டூல ஓட்டிப் பாத்தா நிஜமா உள்ள இருந்தது 8 ஜிபி. அதுக்கு மேல எழுதறத எல்லாம் வாங்கிக்கிட்ட மாதிரி காட்டும், உள்ள எதுவும் தங்காது. புது பென்டிரைவ் வாங்குனா மொத வேலையா இந்த டெஸ்ட்டு, லினக்ஸ்ல எஃப்3.

காப்பி சரியா போச்சான்னு பாக்க 7-ஜிப் ரைட் கிளிக் மெனுலயே சிஆர்சி எஸ்எச்ஏ-ன்னு இருக்கு. சிஸ்டத்துல இருக்கற ஐஎஸ்ஓவுக்கு ஒரு தடவ, பென்டிரைவ்ல இருக்கறதுக்கு ஒரு தடவ எடுங்க, பென்டிரைவ புடுங்கி மறுபடி சொருகிட்டு எடுத்தா இன்னும் நல்லது. ஒரு எழுத்து மாறுனாலும் காப்பி தப்பு. டம்ப்பே சரியா எடுத்தோமான்னு தெரியணும்னா ரீடம்ப்-னு டிஸ்க்கு ஆவணப்படுத்தற ஒரு திட்டம் இருக்கு, அதுல ஒவ்வொரு டிஸ்க்குக்கும் எம்டி5 எஸ்எச்ஏ1 எல்லாம் போட்டிருக்காங்க, ஒத்துப் பாக்கலாம்.

ஃபைல் எல்லாம் சரி, இருந்தும் லோகோவுக்கு அப்பறம் நிக்குது

மேல சொன்ன எல்லாத்தையும் பாத்து முடிச்சிட்டீங்கன்னா மட்டும் இங்க வாங்க, ஏன்னா நிறைய பேரு மொத வேலையா இங்க வந்து மோடு எல்லாத்தையும் தட்டி விட்டுட்டு எது எதுக்குன்னு தெரியாம நிப்பாங்க. ஓபிஎல்-ல கேம் மேல செட்டிங்ஸ் போனா மோடு 1 முதல் 6 வரைக்கும் இருக்கும். மோடு 1 துல்லியமா படிக்கறது, மோடு 2 சிங்க்ரனஸா படிக்கறது, மோடு 3 அன்ஹூக் சிஸ்கால்ஸ், மோடு 4 வீடியோவ தாண்டிடும், மோடு 5 ரெண்டு லேயர் டிவிடி மாதிரி நடிக்கும். ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் போட்டு டெஸ்ட் பண்ணுங்க, ஓடுனா சேவ் பண்ணிக்கோங்க. இசட்எஸ்ஓ போட்டிருந்தா மோட தொடறதுக்கு முன்னாடி அதே கேம ஐஎஸ்ஓவா ஒரு தடவ போட்டுப் பாருங்க, சில கேமுக்கு சுருக்குன ஃபைல் ஒத்து வராது.

கேம் ஓடுது, வீடியோ மட்டும் திக்குது

இது கன்வர்ஷன் தப்பு இல்ல, திரும்பத் திரும்ப மாத்தி நேரத்த வீணாக்காதீங்க. பிஎஸ்2-ல இருக்கறது யூஎஸ்பி 1.1, காகிதத்துலயே நொடிக்கு 12 மெகாபிட் தான், கைக்கு வர்றது சுமாரா நொடிக்கு 1 எம்பி. நீங்க எவ்ளோ வேகமான பென்டிரைவ் வாங்குனாலும் அந்த ஓட்டை வழியா தான் வரணும். இதுக்கு வழி மெமரி கார்டு ரெண்டாவது ஸ்லாட்ல சொருகற எம்எக்ஸ்4எஸ்ஐஓ அடாப்டர், இல்ல லேன் கேபிள் போட்டு சிஸ்டத்துலேருந்து ஷேர் பண்றது. லேன்ல பண்ணா விண்டோஸ் புதுசுல எஸ்எம்பி1-ங்கற பழைய ஃபைல் ஷேரிங் முறை ஆஃப் ஆகி இருக்கும், ஓபிஎல் அதத்தான் கேக்கும். பழைய தடியான பிஎஸ்2 மாடல் வெச்சிருந்தா நெட்வொர்க் அடாப்டரோட ஹார்ட் டிஸ்க்கே உள்ள போட்டுடலாம், அதுக்கு ஈடு எதுவும் இல்ல.

பிஎஸ்பிகாரங்களுக்கு

பாண்டி சண்டே மார்க்கெட்ல பழைய பிஎஸ்பி வாங்குன ரெண்டு பசங்க கேட்டாங்க, அதனால சுருக்கமா. பிஎஸ்பில சிஎஸ்ஓ நேரா ஓடும், விரிக்க வேணாம், ஐஎஸ்ஓ-ங்கற ஃபோல்டர் மெமரி ஸ்டிக்ல வெளிலயே இருக்கணும், பிஎஸ்பி-ங்கற ஃபோல்டருக்குள்ள இல்ல. சிஎஸ்ஓ ரெண்டாம் வெர்ஷன்-னு ஒண்ணு இருக்கு, எமுலேட்டர்ல ஓடும் மிஷின்ல ஓடாது, மேக்ஸ்சிஎஸ்ஓ-ல டிகம்ப்ரஸ் குடுத்து ஐஎஸ்ஓ ஆக்கி, மறுபடி சாதா சிஎஸ்ஓவா பண்ணிக்கோங்க. நேத்து இருந்த கேம் எல்லாம் இன்னைக்கு மெனுல காணோம்னா பேட்டரி முழுசா எறங்கி தற்காலிக கஸ்டம் ஃபர்ம்வேர் (சோனியோடத மாத்திப் போட்ட மிஷின் சாஃப்ட்வேர்) போயிருக்கும், ஃபாஸ்ட் ரெக்கவரி ஓட்டுனா திரும்ப வந்துடும், ஃபைலை தொடாதீங்க.

அக்கா பையன் கேம் என்னாச்சுன்னா, எக்ஸ்ட்ராக்ட்டிவிடி குடுத்து 4.2 ஜிபி ஐஎஸ்ஓ வந்துச்சு, எக்ஸ்ஃபேட்ல போட்டு, டிவிடி ஃபோல்டர்ல வெச்சு, சிஸ்டம் டாட் சிஎன்எஃப்-ஐ தொறந்து பூட்2-ங்கற வரிய என்கிட்ட வாசிச்சுக் காட்டிட்டு தான் பென்டிரைவ புடுங்குனான். ராத்திரி பதினொன்னே காலுக்கு டிவி ஸ்க்ரீன ஃபோட்டோ எடுத்து அனுப்புனான், அந்தக் கேமோட டிஸ்க்கு தானே புயல்ல அட்டையோட ஒட்டிக்கிட்டது, வெதுவெதுப்பான தண்ணில ஊற வெச்சு மெத்துனு துணியால நடுவுலேருந்து வெளிப்பக்கமா நேர்கோட்டுல தொடச்சு, கம்மி ஸ்பீடுல மூணு தடவ முயற்சி பண்ணி எடுத்த டம்ப் அது. சிஎச்டி-ய அழிச்சிடட்டுமா மாமான்னு கேட்டான். வேணாம்டா, அதுல ஒரு பைட்டு கூட குறையாம எல்லாம் இருக்கு, வெரிஃபை ஒரு தடவ ஓட்டிட்டு ஹார்ட் டிஸ்க்லயே வெச்சிரு, பென்டிரைவ்ல இருக்கற ஐஎஸ்ஓ போனாலும் அதுலேருந்து திரும்ப எடுத்துக்கலாம்னு சொன்னேன். ஹார்ட் டிஸ்க்க மட்டும் கீழ் தட்டுல வைக்காம பரண் மேல வைக்கச் சொல்லிருக்கேன்.